புதன்கிழமைக் கோழி

அசைவக் குடும்பம் என்று பேர்தானே தவிர, எங்கள் வீட்டுக் காலண்டரைப் பார்த்தால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் அடுப்பில் கவிச்சி ஏறக்கூடாது. வியாழன், என் மாமியாருக்கு பாபா. சனி, பெருமாள். திங்கள்கிழமை என்றைக்கோ நேர்ந்துகொண்ட சோமவார விரதம். எதற்காக நேர்ந்துகொண்டார் என்பது அவருக்கே மறந்துபோச்சு. விரதம் மட்டும் மறக்கவில்லை. மிச்சம் இருப்பது ஞாயிறும் புதனும். ஞாயிறுக்குக் கவலையில்லை. ஆற அமர குழம்பு, வறுவல், அப்புறம் தூக்கம். புதன்தான் வில்லன்!

புதன்தோறும் என் வீட்டம்மாவுக்கு ஆபீஸில் ரிவ்யூ மீட்டிங். வீடு வந்து சேர எட்டேகால். நான் ஏழு மணிக்கே வந்துவிடுவேன். வந்து..? பேப்பர் பார்ப்பேன். ஏழரைக்குப் பெரியவளும் சின்னவனும் எதிரே வந்து நின்று, "என்னப்பா சாப்பாடு?" என்பார்கள். மாமியாருக்கு ராத்திரி அடுப்படியில் நிற்க முழங்கால் ஒத்துழைக்காது. வேறென்ன, பைக்கை எடுப்பேன். முக்குக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே கோழிகள் கம்பியில் குத்துப்பட்டு ராட்டினம் சுற்றிக்கொண்டிருக்கும். எதிரே என்னைப்போல பத்துப் பதினைந்து குடும்பத் தலைவர்கள், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அலுமினியத் தாளில் ஒரு முழுக் கோழி, நாலு குபூஸ், பிளாஸ்டிக் டப்பியில் மயோனைஸ். கறுப்புக் கவரில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டினால் புதன்கிழமை முடிஞ்சுது.

அந்த டப்பிக்குத்தான் முதலில் வந்தது வினை. பச்சை முட்டையில் அடிக்கிற மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8-லிருந்து ஒரு வருஷத்துக்குத் தடை என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. வீட்டம்மா அந்தச் செய்தியைச் சத்தம் போட்டுப் படித்தாள். படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். மயோனைஸைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்கிற மாதிரி.

"இத்தனை நாளா வாரா வாரம் புள்ளைங்களுக்கு இதைத்தானே வாங்கிக் குடுத்தீங்க?"

"நீயும்தான் தொட்டுக்கிட்டே..."

"வாரம் 500 ரூபா. கோழி கிலோ என்ன விலைன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளாமல், "இதென்ன பெரிய வித்தை, நானே வீட்ல கிரில் பண்றேன்" என்று சொல்லிவிட்டேன். ஆண்பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. எங்கள் வீட்டில் அதுவரைக்கும் கிரில் என்றால் ஜன்னலில் இருப்பது ஒன்றுதான்.

முதல் புதன்கிழமையை நினைத்தால் இப்பவும் வயிற்றைக் கலக்குகிறது.

நாலு முழு லெக் பீஸ். ஒரு பாக்கெட் மசாலா. தோசைக்கல்லைப் போட்டு, அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டு, வைத்தேன். 'ஸ்ஸ்ஸ்' என்று ஹோட்டல் சத்தம்! ஹோட்டல் வாசம்! பத்தே நிமிஷத்தில் ஹோட்டல் கறுப்பு! ஆஹா என்று தட்டில் எடுத்து வைத்தேன். பெரியவள் முதல் கடி கடித்தாள். அதே சமயம் வீட்டம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். தோளில் ஹேண்ட்பேக் அப்படியே இருக்கிறது, செருப்புகூடக் கழற்றவில்லை. தட்டைப் பார்த்தாள். எலும்பையொட்டி ரத்தச் சிவப்பு. ஓடிவந்து பெண்ணின் வாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினாள்.

"துப்புடி."

அந்த ஒரு வார்த்தைதான். என்னை எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. பாதி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. அன்று ராத்திரி எனக்கு நாமக்கல் ஞாபகம். 2023 செப்டம்பரில் அங்கே ஷவர்மா சாப்பிட்ட 14 வயசுப் பெண் ஒருத்தி இறந்துபோனாளே, அந்தச் செய்தி. என் பெண்ணுக்கு வயசு பதிமூன்று. சால்மோனெல்லா என்கிற கிருமி உள்ளே போனால் 6 மணி நேரத்திலிருந்து 6 நாளைக்குள் எப்போது வேண்டுமானாலும் வேலையைக் காட்டுமாம். இதைப் படித்தது ராத்திரி ஒரு மணிக்கு. அப்புறம் எங்கே தூங்குவது? ஆறு நாளும் அவள் பாத்ரூம் பக்கம் போகும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன். நாலாம் நாள் காலையில், "அப்பா, வயிறு வலிக்குது" என்றாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. கடைசியில் பார்த்தால் அன்றைக்குக் கணக்குப் பரீட்சை!

தப்பித்தோம். ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. கோழி வெந்ததா இல்லையா என்று கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. வெளியே கரிந்திருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். இன்னொரு கூத்து என்னவென்றால், நன்றாக வெந்த கோழியிலும் எலும்பையொட்டிச் சிவப்பு இருக்கலாமாம். பிராய்லர் கோழி சுமார் 40 நாளில் கறிக்கடைக்கு வந்துவிடுகிற பச்சைக் குழந்தை. எலும்பு முற்றியிருக்காது. அதிலிருந்து நிறம் கசிந்து இறங்கும். ஆக, சிவப்பும் சாட்சியில்லை, கறுப்பும் சாட்சியில்லை! சூடு ஒன்றுதான் சாட்சி. தடிமனான இடத்தில் உள்ளே 74 டிகிரி செல்ஷியஸ் ஏறியிருக்க வேண்டும். அதற்கு ஊசி மாதிரி ஒரு தெர்மாமீட்டர் விற்கிறது. ஒரு முழு கிரில் கோழி விலைதான். எலும்பில் முட்டாமல் குத்திப் பார்க்க வேண்டும். வாங்கின அன்று சின்னவன் அதைத் தன் வாயில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஜுரம், ஸ்கூல் லீவு" என்றான். அது தனிக் கதை.

வேலைநாள் ராத்திரியில் கிரில் பண்ணுவதென்றால் பாதி வேலை கறிக்கடையிலேயே முடிந்துவிடுகிறது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கறிக்கடை பாய். நடந்ததைச் சொன்னேன். சிரித்தார்.

"முழு லெக்கை கல்லுல போட்டா எப்படி சார் வேகும்? கடைக்காரன் முக்கால் மணி, ஒரு மணி சுத்த விடுறான். உங்களுக்கு அவசரம். தொடைக்கறியை எலும்பு எடுத்துட்டு, கத்தியால ஒரே சீரா விரிச்சுத் தரேன். புஸ்தகத்தைத் திறந்து வெச்ச மாதிரி. அஞ்சு நிமிஷத்துல ஒரு பக்கம் ஆயிடும்."

"நெஞ்சுக்கறி?"

"அது ஒரு நிமிஷம் கூடப்போனா கட்டை. தொடையில கொழுப்பு இருக்கு சார், கொஞ்சம் மறந்துட்டாலும் மன்னிக்கும்."

என்ன ஒரு வார்த்தை! என்னைப் போன்றவர்களுக்கென்றே ஆண்டவன் தொடைக்கறியைப் படைத்திருக்கிறான். பாதி விரல் தடிமன், எல்லாத் துண்டும் ஒரே கனம். அதுதான் சூட்சுமம். எலும்பைத் தனியாகக் கட்டிக் கொடுத்துவிடுவார், ஞாயிற்றுக்கிழமை சூப்புக்கு.

அடுத்த சிக்கல், ஊறவைப்பது. முதல் நாள் ராத்திரியே ஊற வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். புதனுக்கு முதல் நாள் செவ்வாய்! அடுப்பில் ஏறக்கூடாது, சரி. ஃப்ரிட்ஜில் இருக்கலாமா? மாமியாரிடம் அப்பீல் போனேன். யோசித்து, "பொழுது விடிஞ்சாத்தான் மாப்பிள்ளை புதன்கிழமை" என்று தீர்ப்புச் சொன்னார். எனவே புதன் காலை ஆறேகாலுக்கு நான் பாய் கடை வாசலில். ஆறே முக்காலுக்கு மசாலா தடவி முடித்துவிடுவேன். ராத்திரி ஏழரை வரைக்கும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆச்சே, போதாதா?

நடுவில் கழுவுகிற சண்டை ஒன்று. பச்சைக் கோழியைக் குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவினால் அதிலிருக்கிற கிருமி சிங்க், மேடை, பக்கத்துக் காய்கறி என்று தெறித்துப் பரவும், வேகவைக்கிற சூட்டிலேயே அது செத்துவிடும், அதனால் கழுவாதே என்கிறார்கள் வெளிநாட்டு நிபுணர்கள். இதை நான் மாமியாரிடம் எடுத்துச் சொன்னேன்.

"கழுவாத கறியையா?!"

அந்தக் 'கறியையா'வில் என் ஏழு தலைமுறையும் இருந்தது. மஞ்சள் போட்டு நாலு தடவை கழுவினால்தான் அவருக்கு அது கறி, இல்லையென்றால் பிணம். கடைசியில் சமரசம். குழாய் கிடையாது. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெறிக்காமல் முக்கி எடுத்து, சிங்க்கை சோப்புப் போட்டு நான் கழுவ வேண்டியது. அப்புறம் கறியை ஒரு துண்டுப் பேப்பரால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட வேண்டும். ஈரம் இருந்தால் கல்லில் முதலில் தண்ணீர்தான் கொதிக்கும், கறி சிவக்காது.

மசாலாவைச் சொல்லிவிடுகிறேன், கேட்டுக் கேட்டு ஆபீஸில் உயிரை எடுக்கிறார்கள். 800 கிராம் தொடைக்கறிக்கு, தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் அரை டம்ளர். இஞ்சி பூண்டு விழுது ரெண்டு ஸ்பூன். காஷ்மீர் மிளகாய்த்தூள் ஒரு பெரிய ஸ்பூன் நிறைய. மல்லித்தூள் அதில் பாதி. மிளகு, கரம் மசாலா ஒவ்வொரு சின்ன ஸ்பூன், ஒரு சிட்டிகை மஞ்சள், அரை எலுமிச்சம்பழம், ரெண்டு ஸ்பூன் எண்ணெய். உப்பு, தலை தட்டி ரெண்டு சின்ன ஸ்பூன். உப்புதான் உள்ளே இறங்குகிற ஆள். மிளகாயும் மல்லியும் பெரும்பாலும் மேலே உட்கார்ந்திருக்கிறவைதான். சர்க்கரை, தேன் பக்கம் போகவேண்டாம், கரிந்துவிடும். சிவப்புக் கலர் பொடியும் வேண்டாம். 2024-ல் கர்நாடகாவில் கபாபுக்குச் செயற்கைக் கலர் சேர்க்கத் தடையே போட்டார்கள். காஷ்மீர் மிளகாய் போதும், காரமில்லாமலே முகம் சிவந்துவிடும். கலந்து, மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைக்க வேண்டும். மேல் தட்டில் வைத்து அது சொட்டினால் கீழே இருக்கிற தயிர், பழம் எல்லாம் காலி.

பக்கத்து சீட் நண்பர் ஒருவர், "ஒரு துண்டு பப்பாளிக்காயை அரைச்சு ஊத்துங்க சார், பஞ்சு மாதிரி ஆயிடும்" என்றார். ஊற்றினேன். ஆனது. பஞ்சு மாதிரி இல்லை, களி மாதிரி! இடுக்கியால் எடுத்தால் பாதி கல்லில், பாதி கையில். முற்றின ஆட்டுக்கறிக்கு ஏற்பட்ட வைத்தியம் அது. நாற்பது நாள் குழந்தைக்கு எதற்கு? அன்றைக்குப் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டவர் மாமியார் ஒருத்தர்தான்.

ராத்திரி வேலை என்று பார்த்தால் ரொம்பக் கொஞ்சம். ஏழரைக்கு டப்பாவை வெளியே எடுத்துவிட்டு, குக்கரில் சோறு. ரசம் காலையிலேயே மாமியார் வைத்தது. இரும்புத் தோசைக்கல்லை அஞ்சு நிமிஷம் காயவிட்டு, துண்டில் வழிகிற தயிரைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும். போட்டதும் நோண்டக்கூடாது. எனக்கு இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கை சும்மா இருக்காதே! பாதியில் கிளப்பினால் கல்லோடு ஒட்டிக்கொண்டு கிழியும். சிவந்தால் அதுவே விட்டுக்கொடுக்கும். ஒரு பக்கம் அஞ்சு நிமிஷம், திருப்பி இன்னொரு நாலஞ்சு. நாலு துண்டுக்கு மேல் போட்டால் கல் குளிர்ந்து, தண்ணீர் விட்டு, கிரில் போய்க் குழம்பாகிவிடும். எடுத்து வைக்க வேறு தட்டு. நான் ஒரு தடவை பச்சைக் கறி இருந்த தட்டிலேயே எடுத்து வைத்து, பெரியவளிடம் சயின்ஸ் பாடம் கேட்டுக்கொண்டேன்.

(கல்யாணத்துக்கு வந்த ஓவன் ஒன்று பரண்மேல் இருக்கத்தான் இருக்கிறது. அதற்குள்ளே கொலுப் பொம்மைகள் குடியிருக்கின்றன. காலிபண்ணச் சொல்ல எனக்கு தைரியமில்லை.)

மூணாவது மாசம் ஒரு புதன்கிழமை. மீட்டிங் ரத்து. வீட்டம்மா ஏழரைக்கே வந்துவிட்டாள். குளித்து, நைட்டி மாற்றிக்கொண்டு, பசங்களோடும் அம்மாவோடும் ஹாலில் உட்கார்ந்துவிட்டாள். நான் அடுப்படியில். முதல் நாலு துண்டு போச்சு. சூடான ரசம் சாதத்துக்கும் அதுக்கும் இருக்கிற பொருத்தம், குபூஸுக்கும் மயோனைஸுக்கும்கூட வராது சார். "அப்பா, இன்னொண்ணு!" அடுத்த நாலு போச்சு. "மாப்பிள்ளை, எலுமிச்சம்பழம் இருந்தா ஒரு மூடி..." போச்சு. "ஏங்க, ரசம் ஆறிடுச்சு, கொஞ்சம் சூடு பண்ணிக் கொண்டாங்களேன்!" போச்சு. "அப்பா, கரியாத பீஸா!"

நான் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது எல்லோரும் கை கழுவியாச்சு. டிவி ஓடிக்கொண்டிருந்தது. என் தட்டில் கடைசியாக விழுந்த ஒரு துண்டு, அதுவும் ஓரமெல்லாம் தீய்ந்தது. சோறு அடிப்பிடி. பசியே போயிருந்தது. முகமெல்லாம் எண்ணெய்ப் பிசுபிசுப்பு, முதுகில் வேர்வை. நின்றுகொண்டே ரெண்டு வாய் போட்டேன்.

அப்போதுதான் எனக்கு தோசை ஞாபகம் வந்தது.

கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். ஹாலில் உட்கார்ந்துகொண்டு, "இன்னொண்ணு முறுகலா!" என்று குரல் கொடுக்கிறவன் நான். கடைசி தோசையை அவள் எங்கே, எப்போது, எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள் என்று பார்த்ததில்லை. வாரத்துக்கு மூணு நாள் தோசை என்று வைத்துக்கொண்டாலும், ஐம்பத்திரண்டு வாரம், இன்டு பதினைந்து... மனசுக்குள் பெருக்கிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். அது நல்ல கணக்கில்லை.

வீட்டம்மா டிவியிலிருந்து திரும்பி, "என்னங்க, நின்னுக்கிட்டே சாப்பிடறீங்க?" என்றாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள்.

அடுத்த புதன் ரெண்டு அடுப்பிலும் ரெண்டு கல் போட்டேன். ஒன்று பக்கத்து பிளாட் அக்காவிடம் இரவல். எட்டு மணிக்கு ஆரம்பித்தால் எட்டு துண்டும் ஒரே ஈடில் பத்து நிமிஷத்தில் முடிந்துபோகிறது. அதை எடுத்ததும் தட்டில் போடாமல் எவர்சில்வர் அடுக்கில் போட்டு மூடி அஞ்சு நிமிஷம் விட வேண்டும். எடுத்ததும் கடித்தால் சாறெல்லாம் தட்டுக்கு ஓடிவிடும், கொஞ்சம் ஆறவிட்டால் கறியிலேயே தங்கும். அந்த அஞ்சு நிமிஷத்தில் ஒரு சின்ன விளையாட்டும் காட்டலாம். ஒரு துண்டு அடுப்புக்கரியைச் சிவக்க வைத்து, கிண்ணத்தில் போட்டு, கோழிக்கு நடுவில் வைத்து, ரெண்டு சொட்டு நெய் விட்டு மூடினால் கடை வாசம் கும்மென்று ஏறும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கரியை உடனே வெளியே எடுத்துத் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

பசங்களுக்கு வெள்ளரிக்காயும் வெங்காயமும் கொடுத்துக் காக்க வைத்தேன். "அம்மா வரட்டும்." முனகினார்கள். எட்டேகாலுக்குக் கதவு திறந்தது. ஹேண்ட்பேக்கோடு அப்படியே உட்காரச் சொன்னேன். ஐந்து தட்டும் ஒரே நேரத்தில் போட்டு, நானும் உட்கார்ந்தேன். அடுப்பை அணைத்தாச்சு, எழுந்து போக ஒன்றுமில்லை. வீட்டம்மா முதல் துண்டை எடுத்தாள். ஆவி பறந்தது. கடித்தாள். நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். சொல்லிவிட்டு இன்னொன்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் இரவல் கல்லைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று தேடினேன். அது அடுப்பின்மேலேயே இருந்தது. பக்கத்தில் எங்கள் கல். நடுவே மேடையில் தோசை மாவு.

"கொஞ்ச நாள் இருக்கட்டுமே. அக்காகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் வீட்டம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டே. ஒரு கல்லில் அவள், ஒரு கல்லில் நான். என்னுடைய முதல் தோசை மூணாகக் கிழிந்தது. ஹாலிலிருந்து பெரியவள் குரல், "அம்மா, இன்னொண்ணு முறு..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, "அப்பா, நீங்க ஊத்தினது வேண்டாம்" என்று முடிந்தது.